மாப்பிள்ளை தூங்கிய மத்தியானம்

கிழக்கு வெளுக்கும்போதே கல் கிடங்கின் வாசலில் லாரி வந்து நின்றிருந்தது. பனியில் நனைந்த கல்பலகைகள் அதன் முதுகில் வரிசையாக நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் நீளம். தொட்டால் விரல் நுனியில் ஏறும் குளிர் முழங்கையில் வந்துதான் நிற்கும். ஒரு பலகைக்கு ஆறு பேர். பக்கத்துக்கு மூன்று பேராக நின்று, அடியில் மூன்று தூக்குப் பட்டைகளைக் கொடுத்து, உள்ளங்கையில் டியூப் ரப்பரைச் சுற்றிக்கொண்டு தூக்க வேண்டும். நாற்பது அடி நடந்து, இரும்புச் சட்டத்தில் சாய்க்க வேண்டும். சொல்லிப் பார்த்தால் இவ்வளவுதான் வேலை. எப்படி இருக்கும் என்று செய்தவனிடம் கேட்டால் பதில் சொல்ல மாட்டான், சட்டையை விலக்கித் தோளைக் காட்டுவான்.

ஆறு பேரில் முன்னால் நிற்பவர் குரல்காரர். "தூக்கு... வலது... இடது... வலது..." என்று அவர் அடிக்குக் குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குத்தான் பன்னிரண்டு கால்களும் எழும், விழும். இருபத்திரண்டு வருஷமாகக் குரல் பிசகியதில்லை. முதுகு மட்டும் எப்போதோ பிசகிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டார்.

அன்றைக்கு அவருக்கு நேர் எதிர்ப்பக்கம் பட்டையைப் பிடித்திருந்தவர் மாப்பிள்ளை. குரல்காரரின் கூடப் பிறந்த தங்கையைக் கட்டியவர். கிடங்கில் எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளைதான். லாரி டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாத மனிதர். பாரம் தோளில் இருக்கும்போதுகூடப் பேசுவார்.

"மச்சான், என்ன இன்னிக்கு உங்க குரலு, பல்லு போன கிழவி மாதிரி?"

"நீ ஒழுங்கா பிடி மாப்ளே. உன் பக்கம் கல்லு சாயுது."

"கல்லு நேராத்தான் இருக்கு மச்சான். உலகந்தான் கொஞ்சம் சாயுது."

பின்னால் பிடித்திருந்த நெட்டை சிரித்துவிட்டான். கல் தூக்கும்போது சிரிப்பது ஆபத்து. குரல்காரர் அதட்டினார். அதட்டும்போது அவருக்கும் சிரிப்புத்தான் வந்தது. மாப்பிள்ளையின் கண்ணை அவர் அப்போது ஒருமுறை உற்றுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

கல் தூக்குகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பிடி நழுவுகிறது, முட்டி மடங்குகிறது என்று யாருக்குத் தோன்றினாலும் "வை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு பேரும் நின்ற இடத்திலேயே பலகையை இறக்கி வைத்துவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. சொன்னவனைக் கேலி செய்யக் கூடாது. மற்றதற்கெல்லாம் கேலி உண்டு, அதற்கு மட்டும் கிடையாது. வலி வந்து சொல்லிக்கொடுத்த வழக்கம் அது. வலிக்கிறபோது வலிக்கிறது என்று சொல்ல ஒருவனுக்கு உரிமை இருந்த ஒரே இடம் அந்தக் கிடங்கில் அதுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கிடங்கின் கிரேன் பழுதாகிவிட்டது. அதுவரை கிரேன் பாதி தூக்கும், ஆட்கள் பாதி தூக்குவார்கள். பிறகு கிரேனின் பாதியும் ஆட்களின் தலையில் விழுந்தது. "பார்ட்ஸ் வரணும்" என்றார் முதலாளி. அந்தப் பார்ட்ஸ் எந்தக் கடல் தாண்டி வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு. கையில் நேரம் பார்த்துக்கொண்டே நிற்பதால் ஆட்கள் அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கிரேன் நின்ற இரண்டாம் வாரம் கடிகாரம் வந்து சொன்னார்:

"காலையிலேர்ந்து பதினோரு தடவை வச்சிட்டீங்க. இப்படி வச்சு வச்சு எடுத்தா லாரி எப்போ திரும்புறது? வலிச்சா எங்கிட்ட வாங்க. மாத்திரை தர்றேன்."

மேசை டிராயரில் ஒரு டப்பா இருந்தது. கம்பெனிக்கு வேண்டிய ஒரு டாக்டர் மொத்தமாக எழுதிக் கொடுத்தது என்றார்கள். சின்ன வெள்ளை மாத்திரை. போட்ட அரைமணியில் முதுகில் யாரோ வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதுபோல் இருக்கும். கல் லேசாகிவிடும். வீட்டுக் கவலைகூடக் கொஞ்சம் தள்ளி நிற்கும். முதல் மாதம் ஒன்று போதுமாக இருந்தது. பிறகு ஒன்று போட்டால் ஒன்றும் ஆகவில்லை. டப்பா காலியாகும் நாட்களில் கிடங்கு வாசலுக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கொடுத்தார்கள். போடாத நாளில் மூக்கொழுகல், குளிர், வயிற்றைப் பிசைவது, காரணமில்லாத கோபம். வலிக்காகத் தொடங்கியதை இப்போது அது இல்லாத நடுக்கத்துக்காகப் போட்டார்கள். "வை" என்ற சொல்லைக் கிடங்கில் யாரும் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. வலியே தெரியாதவன் எதை வைத்துச் சொல்வான்? கடிகாரத்துக்கு அதில் பரம சந்தோஷம்.

மாப்பிள்ளைக்குத் தோள் கிழிந்தது ஐந்து மாதத்துக்கு முன்னால். ஆறு வாரம் கையைத் தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு முதலாளி, "நல்லா ஓய்வு எடுங்க. அதுக்குள்ள வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். ஒருவன் குறைந்தால் ஆறு பேர் கூட்டத்தையே பிரித்துவிடுவார்கள். மறுநாள் காலை மாப்பிள்ளை பட்டையைப் பிடிக்க வந்தபோது முகம் வெளிறியிருந்தது. அப்போது தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டியது வேறு யாரும் இல்லை, குரல்காரர்தான்.

"போட்டுக்க மாப்ளே. ஒண்ணும் ஆகாது. நான் போடுறேன்ல?"

பாசத்தில் கொடுத்தார். அதுதான் இதில் தாங்க முடியாத விஷயம்.

அந்த மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை சட்டங்களுக்குப் பின்னால் போய்ச் சாய்ந்தார். அன்றைக்குத் தோள் அவரைப் படுத்தியிருந்தது. வழக்கத்தைவிட அதிகமாகவே போட்டிருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. ஒருவன் அசந்து தூங்கினால் எழுப்பக் கூடாது என்பதும் அவர்களுடைய வழக்கம்தான். அவன் பங்கை மற்ற ஐந்து பேரும் சேர்த்துத் தூக்குவார்கள். கடிகாரத்தின் கண்ணில் படாமல் மறைத்தும் வைப்பார்கள். இன்றைக்கு இவனுக்கு, நாளைக்கு எனக்கு. அதன்படி அண்ணனும் தம்பியுமாக அந்தக் கூட்டத்தில் இருந்த இரண்டு பேர், காலி மரப்பெட்டிகளைக் கொண்டுவந்து மாப்பிள்ளைக்கு முன்னால் அடுக்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. சாதாரணக் குறட்டை இல்லை. தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பதுபோல் களகளவென்று வந்தது. நிற்கும், மறுபடி வரும்.

"மாப்ளை விடுற குறட்டைக்குக் கிரேனே ஸ்டார்ட் ஆயிடும் போல" என்றான் நெட்டை.

எல்லோரும் சிரித்தார்கள். குரல்காரரும் சிரித்தார். பெட்டிகளுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். வெயில் மாப்பிள்ளையின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. பாவம், தூங்கட்டும் என்று தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தின் மேல் பரத்திவிட்டு, சத்தம் போடாமல் திரும்பி வந்தார்.

மூன்று மணி வாக்கில் குறட்டை நின்றது.

"அப்பாடா, நின்னுச்சுடா" என்றான் தம்பிக்காரன்.

அதன் பிறகு அவர்கள் ஐந்து பேருமாக ஏழு பலகைகளைச் சட்டத்தில் ஏற்றினார்கள். ஆறாவது ஆளின் பாரத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்குபோட்டுக்கொண்டு, அவர் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏழு பலகைகள். தேநீர் நேரத்தில் குரல்காரர் போய்த் துண்டை எடுத்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நகமும் அப்படியே. அவர் கூப்பிட்டார். உலுக்கினார். அடிக்கு அடி நாற்பது அடிக்குக் கேட்கும் அந்தக் குரல் கிடங்கு முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளைக்கு மட்டும் கேட்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வெளியே வந்து குரல்காரரைத் தனியாகக் கூப்பிட்டாள். நடுத்தர வயது, தூக்கம் கெட்ட கண், ஆனால் குரலில் அவசரம் இல்லை.

"தூங்கும்போது குறட்டை விட்டாரா? களகளன்னு, விட்டு விட்டு?"

"ஆமாம்மா."

"அது குறட்டை இல்லைங்க. மூச்சு அடங்குற சத்தம். இந்த மாத்திரை அளவு மீறினா மூளை மூச்சு விடச் சொல்றதையே மறந்துடும். உலுக்கினாலும் எந்திரிக்க மாட்டாங்க. உதடு நீலமாகும்." கொஞ்சம் தயங்கினாள். "மூக்குல அடிக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. அப்பவே அதை அடிச்சு, வாயோட வாய் வச்சு மூச்சு குடுத்துக்கிட்டே ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்காததே நல்லது என்று அவருக்குப் பட்டது. அவர் உள்ளங்கையில் அந்தத் துண்டு இன்னும் இருந்தது.

"நீங்களும் போடுறீங்களா?" என்றாள்.

"இல்லம்மா."

"கண்மணி ஊசி முனை மாதிரி சுருங்கியிருக்கு. கண்ணே சொல்லுதுங்க. சட்டுனு நிறுத்திடாதீங்க, உடம்பு தாங்காது. மறுபடி பழைய அளவுக்குப் போட்டா இன்னும் மோசம். இங்க வாங்க. கொஞ்சங் கொஞ்சமா இறக்கலாம், அதுக்கு மருந்து இருக்கு, டாக்டர் இருக்காரு. நாங்க போலீசுக்குச் சொல்றவங்க இல்ல. உங்க முதலாளிக்கும் சொல்ல மாட்டோம்."

அவர் தலையாட்டிவிட்டு வந்தார். வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தவள். இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை.

"தூங்கிட்டிருந்தாராமே அண்ணே. நீ பக்கத்துலதானே இருந்தே?"

"இல்லம்மா. நான் லாரிகிட்ட இருந்தேன்."

சொன்ன அந்த நொடியில் அது சின்னப் பொய்யாகத்தான் இருந்தது. மூன்று நாளில் அது அவர் தலையில் ஆறு ஆள் கல்லாக ஏறி உட்கார்ந்துவிட்டது. தங்கை வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்கண்ணன் மட்டும் பக்கத்துல இருந்திருந்தா இவரு போயிருக்கவே மாட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் தூணோடு தூணாக நின்று அதைக் கேட்டார்.

நான்காம் நாள் காலை வேலைக்குப் போனார்கள். போகாமல் என்ன செய்ய? கிடங்கின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. செய்தித்தாள் படிக்கும் பழக்கத்தால் வாத்தியார் என்று பெயர் வாங்கியிருந்த ஆறாவது கூட்டாளி அதை உரக்கப் படித்தார். மறுநாள் முதல் எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை. உடம்பில் மாத்திரை இருப்பது தெரிந்தால் அன்றைக்கே நீக்கம். அன்று காலை ஏழு மணிக்கு முதலாளி பேசுவார்.

குரல்காரர் சுற்றிப் பார்த்தார். நெட்டையைக் காணவில்லை. பட்டைகள் போட்டு வைக்கும் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து குறட்டை கேட்டது.

அவர் ஓடினார். கதவை மோதித் திறந்து, நெட்டையின் சட்டையைப் பிடித்துத் தூக்கி உலுக்கு உலுக்கென்று உலுக்கி, கன்னத்தில் ஓங்கி இரண்டு அறை விட்டார். நெட்டை கண்ணை விழித்தான்.

"என்னண்ணே, பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு? சும்மா கண்ணசந்தேன்."

குரல்காரர் அவனைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தேம்பித் தேம்பி அழுதார். மூன்று நாளாக வராத அழுகை. நெட்டைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.  புரிந்ததும், "காலையில அந்தத் தாளைப் பாத்தேன். பயத்துல ரெண்டு பங்கு போட்டுட்டேண்ணே" என்றான்.

"நர்சம்மா சொன்னாங்கடா. ஆஸ்பத்திரிக்குப் போனா இறக்கி விடுவாங்களாம்."

"ஆஸ்பத்திரிக்குப் போனா இங்க தெரிஞ்சிடும். வேலை போயிடும். நான் இன்னிக்கே கிளம்பறேன். ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கு இருக்கு. அங்க எந்தச் சோதனையும் இல்லையாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களாம்."

யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இவன் அங்கே ஏதாவது ஒரு மூலையில் படுப்பான். குறட்டை விடுவான். இவனைத் தெரியாதவர்கள் சிரிப்பார்கள். தன் பொய்யின் முழு நீளமும் குரல்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்குக் கேட்டது குறட்டை இல்லை என்பதையும் அந்தப் பொய்யோடு சேர்த்து மறைத்திருந்தார். சோதனை என்ற பெயரில் ஒவ்வொருவனையும் தனித்தனியாக ஒளியச் சொல்கிறார்கள். ஒளிந்தவன் தனியாகத்தான் சாவான்.

ஏழு மணிக்கு நாற்பத்தொரு பேரும் முற்றத்தில் நின்றார்கள். கல் தூக்குகிறவர்கள் ஒரு பக்கம், ஈரக் கையோடு பாலிஷ் போடும் பெண்கள் ஒரு பக்கம். முதலாளி அலுவலகப் படியில் நின்றார். பக்கத்தில் கடிகாரம். முதலாளி கெட்ட வார்த்தை பேசாத மனிதர், மரியாதை தவறாதவர்.

"நடந்தது எனக்கும் வருத்தந்தான். நல்ல உழைப்பாளி. ஆனா அவருக்கு என்ன பழக்கம் இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரி பேப்பரே சொல்லுது. என் கிடங்குல போதைக்கு இடமில்ல. சோதனை உங்க நல்லதுக்குத்தான்."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "சோதனை உடம்புக்கு மட்டுந்தானா, மேசை டிராயருக்கும் உண்டா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கடிகாரம் தரையைப் பார்த்தார்.

"அது வலிக்குன்னு மனிதாபிமானத்துல குடுத்தது" என்றார் முதலாளி. "வாழ்நாள் பூரா முழுங்கச் சொன்னோமா?"

குரல்காரர் பேச வாயெடுத்தார். அப்போதுதான் வாசலில் தங்கை நிற்பதைப் பார்த்தார். கணவனின் சட்டையும் சாப்பாட்டுப் பாத்திரமும் கிடங்கில் கிடந்தன. வாங்கிப் போக வந்திருந்தாள். பாத்திரத்தை மார்போடு அணைத்தபடி காவல்காரர் பக்கத்தில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.  இன்னொரு நாள் பேசலாம், அவள் போன பிறகு பேசலாம் என்று மனசு சொல்லிற்று. நெட்டை கூட்டத்தின் ஓரமாக வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான்.

"வலிக்குக் குடுத்தீங்க, சரி" என்றார் குரல்காரர். "வலி எதனால வந்துச்சு முதலாளி?"

"பார்ட்ஸ் வரணும்னு எத்தனை தடவை சொல்றது?"

"கிரேனுக்கு ஒரு பார்ட்ஸ் போச்சு, ஓட்டக் கூடாதுன்னு நிறுத்தி வச்சீங்க. மாப்ளைக்குத் தோள் போச்சு, மாத்திரையைக் குடுத்து ஓட்டினீங்க. கிரேன் மேல இருந்த அக்கறை எங்க மேல இருந்திருந்தா அவரு இன்னிக்கு இங்க நின்னிருப்பாரு."

முதலாளியின் முகம் மாறியது. "இப்ப என்னதான் சொல்ல வர்றீங்க?"

"சோதனை எதுக்குன்னு சொல்ல வர்றேன். நானே சொல்றேன். நான் போடுறேன். காலையில எந்திரிச்சதும் போடுறேன், இங்க வந்தும் போடுறேன். போடாம என்னால நிக்க முடியல." குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே தொடர்ந்தார். "மாப்ளைக்கு முதல் மாத்திரை குடுத்தவன் நான். அன்னிக்கு நான் லாரிகிட்ட இல்ல. பக்கத்துலதான் இருந்தேன். அவரு மூச்சுக்குத் தவிச்சிட்டிருந்தாரு, நான் குறட்டைன்னு நினைச்சுச் சிரிச்சேன். வெயில் படுதேன்னு மூஞ்சியில துண்டைப் போட்டுட்டு வந்தேன்."

வாசலில் பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

 முதலாளி சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு. நீங்க போகலாம். வேற யாராவது?" என்றார்.

யாரும் கையைத் தூக்கவில்லை.  இவ்வளவுதானா என்று குரல்காரர் நினைத்தார்.

"என்னையும் எழுதிக்குங்க" என்றாள் பாலிஷ்கார அக்கா. பன்னிரண்டு வருஷமாக மெஷின் பிடித்து மணிக்கட்டு வீங்கியவள். "எனக்கும் அந்த டிராயர்தான். வீட்டுல மகளுக்குத் தெரியாம அரிசி டப்பாவுல வச்சிருக்கேன்."

தம்பிக்காரன் கையைத் தூக்கினான். அண்ணன்காரன் திரும்பி, "டேய், நீயுமாடா?" என்றான்.

"நீயுமா?" என்றான் தம்பி. ஒரே அறையில், ஒரே பாயில் படுக்கிறவர்கள். ஒருவனுக்குத் தெரியாமல் ஒருவன் எட்டு மாதம்.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு, சிலர் கோபத்தோடு, ஒருத்தி சிரித்துக்கொண்டே. பதினெட்டு பேர். மீதிப் பேரும் நகரவில்லை. "நான் போடுறதில்ல முதலாளி, ஆனா என் பேரையும் எழுதிக்குங்க" என்றார் வாத்தியார். "பதினெட்டு பேரை அனுப்பிட்டு மீதிப் பேரை வச்சு எந்தக் கல்லைத் தூக்குவீங்க?"

முதலாளியின் குரலில் மரியாதை போய்விட்டது. "கேட்டை மூடுவேன். வெளியில நின்னு யோசிங்க."

"மூடுங்க" என்றார் குரல்காரர். "கிரேன் ஓடுற வரைக்கும் கல்லு இறங்காது. மருத்துவத்துக்குப் போறவங்க வேலை அப்படியே இருக்கணும். அந்த மூக்கு மருந்து இந்த வாசல்லயே தொங்கணும், அதை எப்படி அடிக்கிறதுன்னு வந்து சொல்லிக் குடுக்கணும். அந்த டிராயரை எங்க கண்ணு முன்னாடி காலி பண்ணணும். மத்ததை அப்புறம் பேசலாம்."

தங்கை கூட்டத்துக்குள் வந்தாள். வழி விட்டார்கள். அண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"லாரிகிட்ட இருந்தேன்னு சொன்னியே."

"பொய் சொன்னேம்மா."

அவள் இரண்டு கையாலும் அவர் மார்பில் அடித்தாள். கை ஓயும் வரை அடித்தாள். அவர் நின்ற இடத்தில் நின்றார். யாரும் தடுக்கவில்லை, அது அவர்கள் இருவருக்கும் உரியது. ஓய்ந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வாசலை ஒட்டிச் சுவரில் சாய்ந்து நின்ற நெட்டை கண்ணில் பட்டான். அவன் கண்கள் செருகிச் செருகி விழித்தன. போடுகிறவர்களில் கையை இன்னும் தூக்காதவன் அவன் ஒருவன்தான்.

அவள் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ போடுறியா இல்லையா?"

"விடுங்க அண்ணி. நான் வேற இடத்துக்குப் போறேன்."

"போடுறியா?"

அவன் தலையை ஆட்டினான். "இன்னிக்குக் கூடவே போட்டுட்டேன் அண்ணி."

"அப்போ ஆஸ்பத்திரிக்கு நட" என்றாள்.

எல்லோரும் வெளியே வர, கேட் மூடப்பட்டது. உள்ளே வராமல் நின்ற இரண்டு லாரிகளின் டிரைவர்கள் என்ன ஏதென்று கேட்டு, இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். வாசலில் ஐந்து பேரைக் காவலுக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. காலை நேரத் தெரு, கடை திறப்பவர்கள் கையில் பூட்டோடு நின்று பார்த்தார்கள். கல்தூசி படிந்த முப்பத்தாறு பேர், முன்னால் ஓர் இளம் விதவை, அவள் கைப்பிடியில் அவளைவிட இரண்டு மடங்கு உயரமான ஓர் ஆண்.

நர்ஸ் நெட்டையின் கண்ணையும் மூச்சையும் பார்த்தாள். விரலில் ஒரு கருவியை மாட்டினாள். "இப்போதைக்குப் பயமில்ல. தூங்க விடாதீங்க, என் கண்ணெதிர்லயே இருக்கட்டும்" என்று தன் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள். சீட்டு எழுதும் பெண் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

"இதுல நோயாளி யாரு, துணைக்கு வந்தவங்க யாரு?"

"அதைப் பிரிக்க வேண்டாம்மா" என்றார் வாத்தியார். "எல்லாருமே துணைக்கு வந்தவங்கதான்."

குரல்காரர் சுவரோரம் நின்றார். காலையில் போட்டது இறங்கத் தொடங்கியிருந்தது. முதுகில் வலி மெல்ல விழித்துக்கொண்டிருந்தது. இனி வரப்போகும் நாட்களை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. கேட் திறக்குமா, கிரேன் ஓடுமா, எதுவும் தெரியாது. பெஞ்சில் நெட்டையின் தலை தொங்கியது. தங்கை அவன் தொடையில் தட்டினாள்.

"தூங்காதே. ஏதாவது பேசு."

"என்ன பேசுறது அண்ணி?"

"அவரைப் பத்திப் பேசு. அங்க எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியாதுல்ல."

நெட்டை யோசித்தான். "வேலைக்குச் சேந்த அன்னிக்குக் கல்லைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. இதுல தலைமாடு எது, கால்மாடு எதுன்னு கேட்டாரு. எதுக்குய்யான்னா, கால்மாட்டுல என்னை நிறுத்திடாதீங்க, வீட்டுல ஏற்கெனவே அங்கதான் படுக்கறேன்னாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். நின்றவர்களும் சிரித்தார்கள், அழுதார்கள். "இன்னும் சொல்லு" என்றாள். அவன் சொன்னான். அண்ணன்காரன் ஒன்று சொன்னான், பாலிஷ்கார அக்கா ஒன்று சொன்னாள். தங்கை அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னித்தாளா என்று கேட்டால் இல்லை, எப்போது மன்னிப்பாள் என்றும் யாருக்கும் தெரியாது. ஆனால் நிற்க முடியாமல் அவர் சுவரைப் பிடிப்பதைக் கண்டு, பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்தாள். அவர் வந்து உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து முதல் சீட்டின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அது நெட்டையுடையது. அவன் எழுந்தான். கூடவே பெஞ்சிலும் தரையிலும் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.